முன்னால் யாரும் இல்லை

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு கரும்பு வெட்டு தொடங்கியபோது நான் தினமும் பெரம்பலூரில் இருந்து அரியலூருக்குப் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். சாதாரணமாக ஒரு மணி நேரம். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் எவ்வளவு என்று சொல்ல முடியாது. போய் இறங்கும்போது துப்பட்டா, பை, கண் இமை எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கும். என்னோடு கல்லூரியில் படித்தவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் ஏசி அறைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பெரம்பலூரில் ஒரு உரக்கடையின் மாடியில், நான்கே பேர் வேலை செய்யும் கம்பெனியில் இருந்தேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டை விட்டு நகர முடியாது என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். உண்மையில் மூன்று இன்டர்வியூவில் தோற்றதும் எனக்கு அலுத்துவிட்டது.

எங்கள் கம்பெனிக்குக் கிடைத்த ஒரே பெரிய வேலை ஒரு தனியார் சர்க்கரை ஆலையின் வேலை. ஆலை எது என்பது இங்கே வேண்டாம், தப்பு ஆலையுடையது அல்ல. அரியலூரில் அதற்கு ஒரு கரும்பு ஆபீஸ் இருந்தது. வாசல் பலகையில் ‘அரியலூர் மாவட்டம்’ என்று எழுதியிருந்தது. மாவட்டத்தைத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்து மூன்று வருஷம் ஆகியும் யாரும் பலகையை மாற்றவில்லை. மாற்றிய மறுநாளே திரும்பப் பிரித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்கள்.

ஆலைக்குக் கரும்பு போடுகிறவர் தன் இஷ்டத்துக்கு வெட்டிவிட முடியாது. நட்ட தேதியையும், சாம்பிள் கரும்பைப் பிழிந்து பார்த்த முதிர்வு அளவையும் வைத்து ஆபீஸில் ஒரு வரிசை போடுவார்கள். அந்த வரிசைப்படி வெட்டு உத்தரவு வரும். உத்தரவு வந்த பிறகுதான் வெட்டு ஆட்கள் வருவார்கள்.

வரிசையில் நாம் எங்கே நிற்கிறோம் என்று விவசாயி கேட்பது வெறும் ஆவலால் இல்லை. வெட்டுக்கு இரண்டு வாரம் முன்னால் தண்ணீரை நிறுத்த வேண்டும். நிறுத்தினால்தான் சாற்றில் இனிப்பு ஏறும். நிறுத்திவிட்டு வெட்டு தள்ளிப்போனால் கரும்பு நின்றபடியே காயும். எடை போகும், அடிக்கட்டையும் செத்துப்போகும். கட்டை உயிரோடு இருந்தால்தான் அடுத்த வருஷம் அதிலிருந்தே மறுதாம்பு துளிர்க்கும், புதிதாகக் கரணை நட வேண்டியதில்லை. அதனால் திங்கள்கிழமைதோறும் ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் கூட்டம் நிற்கும். எல்லோரும் கேட்பது ஒன்றுதான். எனக்கு முன்னால் எத்தனை பேர்?

முன்பெல்லாம் ஜன்னலில் இருந்த கிளார்க் பீரோவைத் திறந்து, பதிவேட்டை எடுத்து, விரலை எச்சில் தொட்டுப் புரட்டிப் பதில் சொல்வார். ஒருவருக்குப் பத்து நிமிஷம் ஆகும். நாங்கள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். கால் மணி நேரம் ஆயிற்று.

காரணம் இதுதான். டேட்டாபேஸில் விவரங்கள் தனித்தனி அட்டவணைகளாகக் கிடக்கும். புரோகிராம் எழுதுகிறவளுக்கு விவசாயி, வயல், சாம்பிள் என்று முழு உருவங்களாக வேண்டும். நடுவில் நின்று ஒன்றை இன்னொன்றாக மாற்றிக் கொடுக்க ஒரு லைப்ரரியைப் பயன்படுத்தினோம். அப்போது அது புதுசு, அதைப் பற்றி நாங்கள் நிறையப் பீற்றிக்கொண்டோம். விவசாயியைக் கொடு என்றால் கொடுத்துவிடும். பின்னால் அது என்ன பாடுபடுகிறது என்று நாங்கள் எட்டிப் பார்ப்பதில்லை. வரிசையில் நானூறு பேர் இருந்தால், பட்டியலுக்காக ஒரு தடவை டேட்டாபேஸுக்குப் போகும். பிறகு முதல் ஆளின் வயலுக்கு ஒரு தடவை, அவருடைய சாம்பிளுக்கு ஒரு தடவை, ஊருக்கு ஒரு தடவை. இரண்டாவது ஆளுக்கு மறுபடியும் மூன்று தடவை. மளிகைச் சீட்டில் இருபது சாமான் இருந்தால் இருபது தடவை கடைத்தெருவுக்கு நடக்கிற ஆள் மாதிரி.

சரியான வைத்தியம், சீட்டு முழுவதையும் ஒரே நடையில் வாங்கிவரும்படி கேள்விகளை மாற்றி எழுதுவது. அதற்குப் பத்து நாளாவது ஆகும் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பொறுமை எனக்கு இல்லை. லைப்ரரியிலேயே கேஷ் என்று ஒரு வசதி இருந்தது. ஒரு தடவை படித்ததை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை யாராவது கேட்டால் டேட்டாபேஸ் பக்கமே போகாமல் எடுத்துக் கொடுத்துவிடும். செட்டிங்ஸ் பைலில் ஏழெட்டு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டேன்.

கிளார்க் ஒரு பெயரை அடித்து என்டரைத் தட்டினார். விரலை எடுப்பதற்குள் பதில் வந்து நின்றது. கரும்பு அதிகாரி உள்ளறையில் இருந்து எழுந்துவந்து பார்த்தார். இன்னொரு பெயர் அடிக்கச் சொன்னார், அதுவும் உடனே வந்தது. அன்றைக்கு எனக்கு மட்டும் தனியாகப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்கள். அந்த வருஷம் முழுவதும் என்னை யாரும் பாராட்டியது அந்த ஒரு நாள்தான், பொய் சொல்வானேன், அதை நான் ரொம்பவும் அனுபவித்தேன்.

நினைவில் இருப்பது மாறிப்போனால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இல்லை. எங்கள் திரை வழியாக எதை மாற்றினாலும் லைப்ரரிக்குத் தெரியும், தன் நினைவையும் திருத்திக்கொள்ளும். ஒரு வயலை வெட்டியாயிற்று என்று கிளார்க் பதிந்தால் வரிசை ஒரு ஆள் குறையும். வேறு வழியாக யாராவது டேட்டாபேஸில் கை வைத்தால் மட்டும் அதற்குத் தெரியாது. அப்படி ஒரு வேறு வழி இருந்தது, அதை எழுதியவளும் நான்தான். ஆலையின் லேபில் இருந்தவர் தன் பழைய கறுப்புத் திரை புரோகிராமை விடமாட்டேன் என்று அடம்பிடித்தார். அதனால் அவருடைய சாம்பிள் அளவுகள் தினமும் சாயங்காலம் ஒரு பிளாப்பியில் ஜீப்பில் வரும். அதை நேராக டேட்டாபேஸில் கொட்ட ஒரு குட்டி புரோகிராம் எழுதிவைத்திருந்தேன். காலையில் அதிகாரி வெட்டு உத்தரவு அச்சடிக்கும் புரோகிராமும் லைப்ரரியைத் தொடாமல் நேராக டேட்டாபேஸைத்தான் படித்தது.

இருந்தும் முதல் சில வாரங்கள் ஒரு குறையும் வரவில்லை. ஆபீஸைப் பெருக்கிப் பூட்டுகிற அக்கா ஒருவர் இருந்தார். பிளாப்பி வேலை முடிந்ததும் நான் பழக்கிக்கொடுத்தபடி சர்வரை ஷட்டவுன் செய்து, சுவிட்சை அணைத்து, பழைய புடவைத் துண்டால் மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அணைத்ததும் நினைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும், காலையில் எல்லாம் புதிதாகப் படிக்கும். என் புரோகிராம் சரியாக இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சரியாக இருந்தது அந்த அக்காவின் பழக்கம்.

பிறகு ஒரு புகார் வந்தது. காலையில் நினைவு காலியாக இருப்பதால் முதல் ஆளுக்கு மட்டும் பழைய கால் மணி நேரம் ஆயிற்று. முதல் பஸ்ஸில் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அந்தச் சமயம் பார்த்து யூபிஎஸ்ஸும் வாங்கியிருந்தார்கள். இனிமேல் சர்வரை அணைக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ராவெல்லாம் ஓடினால் சூடாகிவிடாதா என்று கேட்டார். அது அதற்கென்றே செய்தது என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். அவர் புடவைத் துண்டை மடித்து வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார்.

அடுத்த வாரம் கிளார்க்குக்குக் குடல்வால் ஆபரேஷன். ஒரு மாதம் வரமாட்டார். எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, “நீதான் தினம் போறியே, ஜன்னல்லயும் உக்காந்துக்கோ” என்றார். உட்கார்ந்தேன். புழுதியில் பயணம், நாள் பூராவும் ஜன்னல், மறுபடி புழுதியில் பயணம். முகங்கள் ஒன்றோடொன்று கலந்துபோயின. பெயரைக் கேட்பேன், அடிப்பேன், எண்ணைச் சொல்வேன், அடுத்த ஆள்.

திருமழபாடிப் பக்கம் இருந்து வந்தவரை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஐம்பது வயது இருக்கும். கொள்ளிடக் கரையில் ஒன்றரை ஏக்கர் கரும்பு, அது தவிர வேறு நிலம் இல்லை. பதிவு அட்டையைப் பால் கவரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அடித்தேன். முன்னால் நான்கு பேர் என்று வந்தது. ஐந்து பேருக்குள் வந்துவிட்டால் தண்ணீரை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம், ஜன்னல் ஓரத்தில் எழுதி ஒட்டியே இருந்தது. சொன்னேன்.

“நிறுத்திடலாமாம்மா?” என்று இன்னொரு தடவை கேட்டார்.

“நிறுத்திடுங்க ஐயா.”

அடுத்த திங்கள்கிழமை வந்தார். முன்னால் ஒருவர். அதற்கடுத்த திங்கள்கிழமை, முன்னால் யாரும் இல்லை. இரண்டு நாளில் ஆள் வந்துவிடும் என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. அவர் சந்தோஷமாகப் போனால் வரிசை நகரும், அதுதான் காரணம்.

நான்காவது திங்கள்கிழமை அவர் வந்து நின்றபோது நான் அட்டையைக்கூட வாங்கவில்லை. பெயர் பழகிவிட்டது. அடித்தேன், யாரும் இல்லை என்று வந்தது. சொன்னேன். அவர் நகரவில்லை. மஞ்சள் பையில் இருந்து ஒரு முழக் கரும்பை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். வெட்டிய முனையில் நடுவில் வெள்ளையாகச் சக்கை தட்டியிருந்தது.

“யாருமே முன்னாடி இல்லங்கிற. போன வாரமும் இல்லன்ன. யாரும் இல்லாத வரிசையில நான் ஏம்மா நின்னுக்கிட்டே இருக்கேன்?”

சத்தம் போடவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குத்தான் எரிச்சல் வந்தது. வெட்டு ஆள் பற்றாக்குறை என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நின்றவர்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாயை அடைப்பதற்காகவே எழுந்து, உள்ளறைக்குப் போய், அன்றைய உத்தரவுப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். முதல் பெயர் அவருடையது இல்லை. முதல் பக்கத்திலேயே அவர் இல்லை. இரண்டாம் பக்கத்தில், முப்பத்தேழாவது பெயராக இருந்தார்.

ஜன்னலுக்கு வந்து, லைப்ரரியை விட்டுவிட்டு நேராக டேட்டாபேஸைக் கேட்டேன். முப்பத்தேழு என்றது. பக்கத்திலேயே என் திரை, முன்னால் யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவருடைய வயலில் இரண்டாவது சாம்பிள் எடுத்திருக்கிறார்கள். ஆற்றோரம் ஈரம் கசியும் ஒரு மூலை உண்டு, அங்கே எடுத்த கரும்பு, முதிர்வு குறைவு. அந்த அளவு அவர் முதல் தடவை என்னிடம் வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே பிளாப்பியில் வந்து, டேட்டாபேஸில் ஏறி, அவரைப் பின்னால் தள்ளியிருந்தது. அணைக்கவே கூடாது என்று நான் சொல்லிவைத்த சர்வர் மட்டும் பழையதையே நினைவில் வைத்துக்கொண்டு, முன்னால் இருந்தவர்கள் வெட்டி முடிக்க முடிக்க அவரை மேலே ஏற்றிக்கொண்டே இருந்தது. நான்கு வாரமாக நான் அவருக்காக எதையும் பார்க்கவே இல்லை.

“ஐயா, உங்களுக்கு முன்னாடி முப்பத்தாறு பேர் இருக்காங்க. இன்னைக்கே போயி தண்ணி விடுங்க.”

“போன வாரம் வரைக்கும் யாரும் இல்லியே. இத்தினி பேரு எங்கேருந்தும்மா வந்தாங்க?”

சாம்பிள் அளவு மாறிவிட்டது என்றேன். அது பொய் இல்லை, ஆனால் பாதி. மீதிப் பாதியைச் சொல்லவில்லை. அவர் கரும்புத் துண்டைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

முதலாளிக்குப் போன் செய்தேன். சரி செய்துவிட்டாயா என்று கேட்டார், செய்துவிட்டேன் என்றேன், அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இரு என்றார். அப்படி இருக்க முடியாமல் கரும்பு அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அளவு குறைவுன்னா குறைவுதாம்மா. ஒருத்தர மேல ஏத்தினா முப்பத்தாறு பேரும் நாளைக்கு உன் ஜன்னல்லதான் வந்து நிப்பாங்க” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்தக் கதையில் என்னைத் தவிர எல்லோருமே நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள்.

வேறு யாருக்கெல்லாம் தப்பாகச் சொன்னேன் என்று உட்கார்ந்து சரிபார்த்தேன். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் இரண்டு மூன்று இடம் முன்பின், அதுவும் வரிசையின் நடுவில். என் பேச்சைக் கேட்டுத் தண்ணீரை நிறுத்தியவர் அவர் ஒருவர்தான்.

கேஷை எடுத்துவிட்டேன். நான் தள்ளிப்போட்ட வேலையைக் கடைசியில் செய்தேன், சீட்டு முழுவதையும் ஒரே நடையில் வாங்கிவரும்படி கேள்விகளை மாற்றி எழுதினேன். பத்து நாள் என்று பயந்தது நான்கு நாளில் முடிந்துவிட்டது. மூன்று விநாடியில் பக்கம் வந்தது. மூன்று விநாடி காத்திருக்க மாட்டேன் என்று எந்த விவசாயியும் சண்டைக்கு வரப்போவதில்லை. அந்த நான்கு நாளை முதலிலேயே செய்திருக்கலாமே என்று நினைத்து நினைத்து நான் சோர்ந்துபோனேன். அந்தச் சோர்வு இன்னும் முழுதாகப் போகவில்லை.

அவருக்கு உத்தரவு போகப் பங்குனி ஆகிவிட்டது. அந்தப் பக்கத்துக் களப் பணியாளர் வந்து சொன்னதுதான் எனக்குத் தெரியும். தண்ணீர் விட்டும் பாதி தேறவில்லையாம். நுனியில் பூ எடுத்துவிட்டது. வெட்டு ஆட்கள் இந்தக் காய்ந்த கட்டையில் கத்தி போகவில்லை என்று புலம்பினார்களாம். வெட்டிய பிறகு ஈரம் கசிந்த அந்த ஆற்றோர மூலையில் மட்டும் மறுதாம்பு துளிர்த்ததாம். திருமழபாடிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று பல வாரம் நினைத்தேன். அலுப்பு என்று சொல்லிக்கொண்டு போகாமல் இருந்தேன். அலுப்பு இல்லை, பயம்.

மறுவருஷம் ஆடி கழிந்த பிறகு, ஒரு சாயங்காலம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவரே என்னைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் அவர் மனைவி, கையில் காய்கறிப் பை. நான் ஒதுங்குவதற்குள் கிட்டே வந்துவிட்டார். “நான் சொல்லல, கரும்பு ஆபீஸ்ல ஒரு பொண்ணு, கேட்ட ஒடனே பதில் சொல்லும்னு? இதுதான்” என்று மனைவியிடம் காட்டினார். மற்றவர்களெல்லாம் காக்க வைத்தே கொன்றுவிடுவார்கள், இந்தப் பெண் ஒரு நாளும் காக்க வைத்ததில்லை என்றார். அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்து, எந்த ஊர், வீட்டில் எல்லாம் சௌக்கியமா என்று விசாரித்தார்.

கரும்பு எப்படி இருக்கிறது என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. கட்டை போய்விட்டது என்றார், எல்லாவற்றையும் கொத்திப் போட்டுவிட்டு இந்த வருஷம் உளுந்து விதைத்திருப்பதாகச் சொன்னார். “எம்புத்தியத்தான் சொல்லணும். காயுதுன்னு கண்ணு முன்னாடி தெரியுது, மோட்டாரப் போடாம உக்காந்திருந்தேன் பாரு.”

“இல்லங்க ஐயா. தப்பு எம்மேல. நான் பாக்காமலே சொல்லிட்டேங்க.”

பல மாதமாக நெஞ்சில் கிடந்த சொல். அவர் அதைக் கேட்டுச் சிரித்தார்.

“பாக்காம எங்கம்மா சொன்ன? ஒவ்வொரு வாட்டியும் நீ அந்தப் பொட்டியப் பாத்துத்தானே சொன்ன? நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டேதானே இருந்தேன்.”

பெட்டியும் பார்க்கவில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? சொல்ல முயன்றேன். கம்ப்யூட்டரில் பழைய கணக்கு நின்றுவிட்டது, நான் அதைக் கவனிக்கவில்லை என்று ஏதோ உளறினேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்து, வேலை பார்க்கிற இடத்தில் நீ என்ன செய்வாய், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று எனக்குச் சமாதானம் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திருமழபாடி பஸ் வந்தது. மனைவியை முதலில் ஏற்றிவிட்டு, படியில் ஒரு காலை வைத்தபடி அவர் திரும்பினார். “தை மாசம் மறுபடி கரும்பே போடலாம்னு பாக்குறேன். வெட்டு வரைக்கும் நீ அங்கதானே இருப்ப?”

“தெரியலைங்க ஐயா” என்றேன்.

என்னிடம் இருந்து அப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. முகம் வாடிப்போய், சரிம்மா என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். அந்தத் தை மாதம் அவர் கரும்பு பதியவில்லை.